காய்ச்சல் போன பிறகும் கை ஏன் நடுங்குகிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அவருடைய அக்கா மகனுக்குப் பதினொரு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. பையன் பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டான். ஆனால் அதற்கப்புறம் முகத்தில் சிரிப்பே வரவில்லை, நடை சின்னச் சின்ன அடியாகிவிட்டது, வலது கை நடுங்குகிறது. "வயதானவர்களுக்கு வரும் நடுக்குவாதம் இவனுக்கு எப்படி வந்தது? வைரஸ்தான் போய்விட்டதே?" என்பது அவர் கேள்வி. ஊரில் சாமி குத்தம் என்று சொல்லி மந்திரிக்கச் சொல்கிறார்களாம், அதையும் எழுதியிருந்தார்.

வைரஸ் போய்விட்டது என்பது சரிதான். இருந்த சில நாட்களில் அது மூளையில் எந்த இடத்தில் கைவைத்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பையனுக்கு வந்தது எந்த வைரஸ் என்று கடிதத்தில் இல்லை. நான் ஜப்பானிய மூளைக்காய்ச்சலை எடுத்துக்கொள்கிறேன். பிழைத்தவர்களிடம் அசைவுக் கோளாறை விட்டுப்போவதில் இது பேர்போனது, அதோடு இந்தியாவில் மனிதர்களிடம் இது முதலில் அடையாளம் காணப்பட்டதே நம் வேலூர்ப் பக்கம்தான், 1955-ல். கொக்கு, நாரை, பன்றி, நெல்வயல் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு என்று சுற்றிக்கொண்டிருக்கும் வைரஸ் இது, கொசு கடித்து நமக்கு வருகிறது. தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றுமே தெரியாது. சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் மூளைவரை போய் நோய் கடுமையாகிறது. அப்படிக் கடுமையானவர்களில் 30 சதவீதம் வரை இறந்துவிடலாம், பிழைப்பவர்களிலும் நிறையப் பேருக்குப் பேச்சிலோ நடத்தையிலோ அசைவிலோ குறை தங்கிவிடுகிறது.

மூளைக்குள் போன இந்த வைரஸ் எல்லா இடத்தையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. நடுவில், ஆழத்தில் இருக்கும் தலாமஸ், பேசல் கேங்லியா, அதற்குக் கீழே சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற கருநிறப் பட்டை, இவைதான் அதிகம் அடிவாங்குகின்றன. 1999-ல் லக்னோ மருத்துவர்கள், ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்குப் பின் பார்க்கின்சன், அதாவது நடுக்குவாதம், போன்ற அறிகுறிகள் வந்த சிலருடைய எம்.ஆர்.ஐ. படங்களில் சேதம் முக்கியமாக இந்தக் கருநிறப் பட்டையிலேயே இருப்பதைக் காட்டினார்கள். முதியவர்களுக்கு வரும் பார்க்கின்சன் நோயில் செல்கள் செத்துப்போவதும் இதே பட்டையில்தான். அங்கே பல வருடங்களாக மெல்ல நடப்பது, இங்கே சில நாட்களில் நடந்துவிடுகிறது.

சரி, அந்தப் பட்டை போனால் உடம்பு ஏன் இறுகுகிறது? எனக்கு மூளையிலேயே மிகவும் பிடித்த விஷயம் இதுதான், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கையைத் தூக்க வேண்டும் என்றால் மூளை கட்டளை அனுப்புகிறது, தசை வேலை செய்கிறது, பள்ளியில் படித்தது இவ்வளவுதான். ஆனால் மூளை சும்மா இருக்கும்போது அசைவுகளைத் தீவிரமாகத் தடுத்துக்கொண்டே இருக்கிறது. பேசல் கேங்லியாவின் வாசலில் குளோபஸ் பாலிடஸ் என்றொரு பகுதி உண்டு. அதன் உள்பாகத்தில் இருக்கும் செல்கள், நாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதுகூட நொடிக்கு 60, 80 முறை துடித்து, தலாமஸுக்கு "வேண்டாம், வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன. தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டு வைத்திருப்பது போல. வடம் பிடித்து ஆயிரம் பேர் இழுத்தாலும் கட்டையை எடுக்காமல் தேர் நகராது.

ஆக, அசைவு என்பது ஒரு தடையை நீக்குவது. ஸ்ட்ரையாட்டம் என்ற பகுதியில் இருக்கும் செல்கள் அந்த முட்டுக்கட்டைச் செல்களை ஒரு கணம் அமுக்குகின்றன, அதாவது தடுப்பவரையே தடுக்கின்றன. தலாமஸ் விடுபடுகிறது, மூளையின் மேற்பரப்புக்குச் செய்தி போகிறது, கை எழுகிறது. இதில் இன்னொரு அழகு என்னவென்றால், நாம் விரும்பும் அசைவுக்கு மட்டும் கட்டை எடுக்கப்படுகிறது, பக்கத்தில் இருக்கும் வேண்டாத அசைவுகளுக்குக் கட்டை இன்னும் இறுக்கமாகப் போடப்படுகிறது. எடுப்பதற்கு ஒரு வழி, இறுக்குவதற்கு வேறொரு வழி. சப்ஸ்டான்ஷியா நைக்ராவிலிருந்து வரும் டோபமைன், ஒரே வேதிப்பொருள், முதல் வழியைத் தூண்டிவிட்டு இரண்டாவது வழியை அடக்குகிறது, ஏனென்றால் இரண்டு வழியிலும் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் வேறு வேறு. ஒரே பொருள் இரண்டு இடத்தில் எதிரெதிர் வேலை செய்து, முடிவில் இரண்டும் "நகரு" என்ற ஒரே பக்கமாகச் சேர்கின்றன! முதல்முறை இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்தப் பையனிடம் வருவோம். டோபமைன் செல்கள் போய்விட்டால் கட்டையை எடுப்பது கஷ்டமாகிறது, இறுக்குவது சுலபமாகிறது. முகத் தசை அசையத் தயங்குகிறது, அடி சின்னதாகிறது. மனசுக்குள் சிரிப்பு இருக்கிறது, முகத்துக்கு வர வழியில்லை. வீட்டில் இருப்பவர்கள் இதைப் புரிந்துகொள்வது ரொம்ப முக்கியம், பையன் முன்போலத்தான் உணர்கிறான். இதே நோய் வந்த வேறொரு பிள்ளைக்கு ஸ்ட்ரையாட்டமோ தலாமஸோ அடிபட்டிருந்தால் கட்டை கன்னாபின்னாவென்று விழும், எதிரெதிர்த் தசைகள் ஒரே நேரத்தில் இழுத்து, கழுத்தும் கையும் முறுக்கிக்கொள்ளும். டிஸ்டோனியா என்பது அதுதான். அந்த முறுக்கலைப் பார்த்துத்தான் பேய் பிடித்திருக்கிறது என்கிறார்கள். சொல்பவர்கள் மீது எனக்குக் கோபமில்லை, பார்த்தால் யாருக்கும் பயமாகத்தான் இருக்கும். ஆனால் மந்திரிப்பதில் போகிற ஒவ்வொரு வாரமும் அந்தப் பிள்ளையின் சிகிச்சையிலிருந்து எடுக்கப்படுகிற வாரம்.

வைரஸ் போன பிறகும் சேதம் நிற்கும் என்பதை விலங்குகளிலும் பார்த்திருக்கிறார்கள். 1997-ல் ஜப்பானில் ஒரு குழு 13 நாள் வயதுள்ள எலிக்குட்டிகளுக்கு இந்த வைரஸைக் கொடுத்தது. 12 வாரம் கழித்து மூளையில் வைரஸின் தடயம் இல்லை, ஆனால் சப்ஸ்டான்ஷியா நைக்ரா செல்கள் அழிந்திருந்தன, எலிகள் மந்தமாக நகர்ந்தன. மூளையில் டோபமைனாக மாறும் எல்-டோபா என்ற மருந்தைக் கொடுத்ததும் அசைவு தேறியது. இந்தச் செல்கள் ஏற்கெனவே சுமை தாங்கிகள் என்பதையும் மறக்கக் கூடாது. எலியில் இப்படிப்பட்ட ஒற்றைச் செல்லின் கிளைகளை எல்லாம் கூட்டி அளந்தால் சராசரியாக அரை மீட்டருக்குப் பக்கம் வருகிறது. அவ்வளவு நீளத்துக்கும் ஆற்றல் கொடுத்துக்கொண்டிருக்கும் செல் சின்ன அதிர்ச்சிக்கும் தள்ளாடும்.

சில நேரம் அடிப்பது வைரஸே இல்லை, நம் எதிர்ப்பாற்றல். ஹெர்பீஸ் வைரஸ் மூளைக்காய்ச்சல் வந்து தேறிய குழந்தைகள் சிலருக்குச் சில வாரங்கள் கழித்துத் திடீரென்று கை கால்கள் தாமாக ஆடத் தொடங்கும். வைரஸ் திரும்பி வந்துவிட்டது என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்த்தால் பலரிடம் வைரஸ் இல்லை, மூளைச் செல்கள் ஒன்றிடமிருந்து ஒன்று செய்தி வாங்க உதவும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைத் தாக்கும் எதிர்ப்புப் புரதங்கள் இருந்தன. இதைக் கண்டுபிடித்தால் மருந்து உண்டு, எதிர்ப்பாற்றலை அடக்கும் சிகிச்சைக்குப் பிள்ளைகள் தேறுகிறார்கள்.

இன்னொரு கேள்வியும் வரும்: சாதாரண பார்க்கின்சன் நோய்க்கே வைரஸ்தான் காரணமா? 1917-ல் வியன்னாவில் கான்ஸ்டன்டின் ஃபான் எகனாமோ விவரித்த உறக்க மூளைக்காய்ச்சலில் பிழைத்த பலருக்கு, வருடங்கள் கழித்து பார்க்கின்சன் போன்ற நிலை வந்தது. அதன் காரணம் வைரஸா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. சமீப ஆய்வுகளில் என்னைக் கவர்ந்தது ஆல்ஃபா சைநியூக்ளின் பற்றியது. பார்க்கின்சன் மூளையில் கட்டி கட்டியாகச் சேரும் புரதம் அது. 2015-ல் கொலராடோ குழு ஒன்று, அந்தப் புரதம் இல்லாத சுண்டெலிகள், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸின் உறவுக்காரனான வெஸ்ட் நைல் வைரஸுக்கு அதிகமாக பலியாவதைக் கண்டது. அப்படியானால் அது வைரஸைத் தடுக்க வந்த காவல் புரதமாக இருக்கலாம், தடுக்கும் வேலை நீண்டுபோய்க் கட்டியாகிறதோ என்று சிலர் யோசிக்கிறார்கள். நிரூபணம் ஆகவில்லை. ஆனால் நல்ல கேள்வி.

இந்தக் கேள்விக்கு விடை தேட இந்தியா மிகச் சரியான இடம். 2005-ல் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர்ப் பக்கம் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், மூளைக்காய்ச்சலில் இறந்தார்கள். பிழைத்தவர்கள் இப்போது வளர்ந்து நிற்கிறார்கள். அவர்களை நாற்பது, ஐம்பது வயதுவரை தொடர்ந்து கவனிக்கப் பணம் ஒதுக்க வேண்டும். ஜப்பானிய மூளைக்காய்ச்சலைக் குறிவைத்துக் கொல்லும் மருந்து இன்னும் இல்லை. இது வயல் வேலைக்காரர்களின் பிள்ளைகளுக்கு வரும் நோய் என்பதும் அதற்கு ஒரு காரணம் என்பது என் கருத்து. பெங்களூருவில் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸில் மூளைத் திசு வங்கி இருக்கிறது. இறந்தபின் உடம்பைத் தொடக் கூடாது என்ற தயக்கத்தைக் கொஞ்சம் விட்டால் அங்கே சேரும் திசு ஆய்வாளர்களுக்குப் பெரிய உதவி.

கடிதம் எழுதியவருக்கு: இது முதுமையில் வரும் பார்க்கின்சன் போல வருடா வருடம் முற்றிக்கொண்டே போவது வழக்கமில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்குப் பின் வரும் இறுக்கமும் நடுக்கமும் பலருக்குச் சில மாதங்களில் குறைகின்றன, டிஸ்டோனியா தங்கிவிட்டால் அதுதான் கடினம். நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள், எல்-டோபா ஒத்துவருமா என்று கேளுங்கள், இயன்முறைப் பயிற்சியை விடாதீர்கள். பையனுக்குப் புதிதாக வேறு அசைவுகள் தோன்றினால் எதிர்ப்புப் புரதப் பரிசோதனை தேவையா என்றும் கேளுங்கள். அவனுக்குக் கைக்குழந்தையாகத் தம்பி தங்கை இருந்தால் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். இந்நோய் பரவும் மாவட்டங்களில் 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று என்று இரண்டு ஊசி அரசே இலவசமாகப் போடுகிறது.