கன்று நடும் விழாவுக்கு அழைக்காதீர்கள், தண்ணீர் ஊற்ற ஆள் சொல்லுங்கள்

மழை ஓய்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. தெருவோரக் கம்பிக் கூண்டுகளை எட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் வெறும் குச்சிகள். சிலவற்றில் குச்சியும் இல்லை, காகிதக் குவளைகள் கிடக்கின்றன. குடியிருப்போர் சங்கத்தைக் கேட்டால், பராமரிப்பது உள்ளாட்சியின் வேலை என்கிறார்கள். உள்ளாட்சியைக் கேட்டால், நட்டது சங்கம் என்கிறார்கள். இந்த இரண்டு பதில்களுக்கு நடுவில் கன்று காய்கிறது. அடுத்த ஆண்டு அதே குழியில் புதுக் கன்று, அதே புகைப்படம். காலநிலை நடவடிக்கை என்ற தலைப்பில் ஆண்டறிக்கையின் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. இதை இன்னும் எத்தனை ஆண்டுகள் செய்யப்போகிறோம்?

"நிறைய மரம் நட்டால், ஊர் வெளிவிடும் கரியமில வாயுவின் (கார்பன் டை ஆக்சைடு) கணக்கு நேராகிவிடும்" என்ற நம்பிக்கையிலிருந்துதான் இந்தக் குழப்பமெல்லாம் வருகிறது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிவரும், டீசலென்றால் 2.7 கிலோ. நன்கு வளர்ந்து கிளை பரப்பிய ஒரு மரம் ஓராண்டு முழுவதும் உள்வாங்குவது, இனத்தையும் மண்ணையும் பொறுத்துக் கூடக் குறைய இருந்தாலும், சுமார் 20 கிலோ. ஒன்பது லிட்டர் பெட்ரோலுக்கு அது சரியாகப் போகும். இடுப்பளவுக் கன்று இந்த அளவில் மிகச் சிறிய பங்கைத்தான் சேர்க்கும். அது செத்துப்போனால், அதை ஏற்றி வந்த வண்டியின் டீசலும் தண்ணீர் லாரியின் டீசலும்தான் கணக்கில் மிஞ்சும்.

"அப்படியானால் மரமே வேண்டாமா?" என்று உடனே கேட்பார்கள். வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் தெருமரத்தின் வேலை வேறு. அது தார்ச்சாலையையும் மேற்குச் சுவரையும் வெயிலிலிருந்து மறைக்கிறது, நடப்பவருக்கும் பேருந்துக்குக் காத்திருப்பவருக்கும் நிழல் தருகிறது, மழை ஒரே மூச்சில் வடிகாலுக்கு ஓடாமல் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கிறது. இலைப்பரப்பு விரிந்த பிறகுதான் இவை அத்தனையும் கிடைக்கும். எனவே எத்தனை கன்று நட்டீர்கள் என்று உங்கள் வார்டு உறுப்பினரைக் கேட்காதீர்கள். மூன்று ஆண்டுக்கு முன் நட்டவற்றில் இன்று எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று கேளுங்கள். அந்த எண்ணை யாரும் எடுத்து வைத்திருக்கவில்லை என்றால், அதை எடுப்பதே உங்கள் சங்கத்தின் முதல் வேலையாக இருக்கட்டும்.

நடுவதிலும் ஒரே தவறுதான் திரும்பத் திரும்ப நடக்கிறது. ஆழமாகப் புதைத்தால் உறுதியாக நிற்கும் என்று நினைக்கிறார்கள். தண்டு அகன்று வேராகப் பிரியும் இடம் மண்மட்டத்தில் தெரிய வேண்டும். அதை மூடினால் பட்டை அழுகும். குழியின் ஆழம் பையிலுள்ள மண்கட்டியின் உயரமே போதும், அகலம்தான் இரண்டு மூன்று மடங்கு வேண்டும். பிளாஸ்டிக் பையை முழுவதும் கிழித்து எடுங்கள், அடியை மட்டும் கீறி இறக்காதீர்கள். பைக்குள் வட்டமாகச் சுற்றிய வேர்களை நான்கு பக்கமும் வெட்டிவிடாவிட்டால், பல ஆண்டு கழித்து அந்த வேரே மரத்தின் கழுத்தை நெரிக்கும். தண்டைச் சுற்றி ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டராவது திறந்த மண் விடுங்கள். அடிமரம் வரை சிமென்ட் பூசிவிட்டு மேலே தண்ணீர் ஊற்றுவதில் பயனில்லை. உலர்ந்த இலைகளை ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்காகப் போடுங்கள், தண்டைத் தொடாமல் ஒரு கையகலம் தள்ளி. முதல் இரண்டு கோடைகளில் ஒரு தடவைக்கு 15 முதல் 20 லிட்டர், வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, மண் குடிக்கும் வேகத்துக்கு மெதுவாக ஊற்றுங்கள். தினமும் ஒரு குவளை தெளித்தால் வேர் மேலேயே படர்ந்து முதல் வறட்சியிலேயே போய்விடும். பத்துக் கன்றுக்குப் பத்து வீட்டின் பெயரை எழுதி ஒட்டுங்கள். பெயரில்லாத நூறு கன்றுகளைவிட அந்தப் பத்து மேல்.

மரத்தோடு நிறுத்திவிடுகிறோம் என்பதுதான் பெரிய வருத்தம். உள்ளாட்சியின் கையில் இருப்பவை தெருவிளக்கு, குடிநீர் இறைக்கும் மின்சாரம், குப்பை, வடிகால், கட்டட அனுமதி, நடைபாதை, வாகன நிறுத்தம். ஊரின் வெப்பத்தையும் வெள்ளத்தையும் புகையையும் தீர்மானிக்கிற முடிவுகள் பெரும்பாலும் இவற்றில்தான் எடுக்கப்படுகின்றன. நீங்கள் கலந்துகொள்ள வேண்டியதும் அங்கேதான்.

உதாரணத்துக்கு வடிகால். "எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறது, ஆவன செய்யவும்" என்று நூறு பேர் கையெழுத்திட்ட மனு வருகிறது. பொறியாளர் அதை வைத்து எதையும் வடிவமைக்க முடியாது. எந்த இடத்தில், எந்தத் தேதியில், மழை எத்தனை மணிக்குத் தொடங்கி எப்போது நின்றது, தண்ணீர் அதிகபட்சம் எத்தனை சென்டிமீட்டர் ஏறியது, வடிய எத்தனை மணி நேரமானது. இந்த ஐந்தும் மூன்று மழைக்கு இருந்தால் போதும், குழாயின் அளவு குறைவா, அடைப்பா, சாய்வு தவறா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். மழை நின்றதும் உடனே வடிந்தால் குழாயின் அளவு போதவில்லை. மழை நின்று ஆறு மணி நேரமாகியும் நின்றால் அடைப்பு அல்லது சாய்வு. இதற்குச் சுற்றுச்சுவரில் பெயின்டால் சென்டிமீட்டர் கோடு போட்டால் போதும். மின்கம்பத்தில் போடாதீர்கள், தேங்கிய நீரில் மின்கம்பத்தின் அருகே போகவே போகாதீர்கள்.

மழையை அளக்கவும் பெரிய கருவி தேவையில்லை. வாயும் அடியும் ஒரே அகலமுள்ள, நேரான பக்கங்கள் கொண்ட பாத்திரம் ஒன்று, அருகிலுள்ள சுவரின் உயரத்தைப் போல இரு மடங்கு தூரத்தில், திறந்த வெளியில். தினமும் ஒரே நேரத்தில் அளவுகோல் வைத்துப் படியுங்கள். மில்லிமீட்டர் என்பது ஆழம், பாத்திரம் பெரிதா சிறிதா என்பது பொருட்டில்லை. (இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. இரண்டு அளவுப் பாத்திரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.) வெப்பத்துக்கு, நிழலில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், காற்றோட்டமுள்ள இடத்தில் தொங்கும் வெப்பமானி வேண்டும். வெயில்பட்ட சுவரில் ஒட்டிய வெப்பமானி காட்டுவது சுவரின் சூட்டை.

உங்கள் கூரையையும் அளந்து வையுங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் 1,000 லிட்டர். 200 லிட்டர் பீப்பாய் இரண்டு மி.மீ.-யிலேயே நிரம்பிவிடும். அதனால் பீப்பாயை வைத்து முடித்துக்கொள்ளாமல், வழியும் நீர் மண்ணுக்குப் போகும் பாதையையும் போடுங்கள், அடித்தளத்திலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி. வாசலை முழுக்க சிமென்ட் பூசிவிட்டுத் தெருவில் வெள்ளம் என்று மனு போடுபவர்களிடம் கேட்கிறேன், கொஞ்சம் மண்ணை விட்டு வையுங்கள், தயவுசெய்து. 2011 ஜூலை 2 அன்று கோபன்ஹேகனில் இரண்டு மணி நேரத்தில் 100 மி.மீ.-க்கும் மேல் கொட்டியது. அடுத்த ஆண்டே அந்த நகரம் பெருமழைத் திட்டம் ஒன்றைத் தயாரித்தது. குழாயைப் பெரிதாக்குவதோடு நில்லாமல், தெருவும் பூங்காவும் தண்ணீரைத் தாங்கி நிற்கும்படி அமைப்பது அதன் அடிப்படை.

வடிகால் வாயில் சேரும் இலையையும் பிளாஸ்டிக்கையும் மழைக்கு முன் நீங்களே அகற்றலாம், நீண்ட பிடியுள்ள வாருகோலும் கையுறையும் போதும். மேன்ஹோல் மூடியைத் திறக்கக் கூடாது. உள்ளே யாரும் இறங்கக் கூடாது, இறங்கச் சொல்லவும் கூடாது. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு அதிகமானால் மூக்கு அதன் வாடையை உணர்வதை நிறுத்திவிடும். விழுந்தவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார்.

வெப்பத்துக்கு வருவோம். 2010 மே மாத வெப்ப அலையில் அகமதாபாத்தில் வழக்கத்தைவிட 1,300-க்கும் மேற்பட்ட மரணங்கள் கூடின. 2013-இல் அந்த நகரம் வெப்பச் செயல்திட்டத்தைத் தொடங்கியபோது அதன் மையத்தில் இருந்தது கட்டுமானமல்ல. முன்னெச்சரிக்கை, மருத்துவப் பணியாளர் பயிற்சி, மக்களுக்குத் தகவல், இவைதான். உங்கள் தெருவில் தனியாக வாழும் முதியவர் யார், மாடிக் கூரைக்குக் கீழே தூங்குபவர் யார் என்ற பட்டியல் எந்த அலுவலகத்திலும் முழுமையாக இருக்காது. உங்களிடம்தான் இருக்கும். மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பவர்கள் முதலில் விரிசலை அடைத்து, பாசியைத் தேய்த்துக் கழுவி, காய்ந்த பிறகு இரண்டு பூச்சு அடியுங்கள். தூசி படிந்தால் வெள்ளையின் பயன் இறங்கிவிடும், ஆண்டுக்கொரு முறை கழுவ வேண்டும்.

குப்பையைப் பற்றி இரண்டே வார்த்தை. காற்றுப் புகாமல் குவிந்து அழுகும் உணவுக்கழிவிலிருந்து மீத்தேன் என்ற வாயு வருகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றும். ஈரக் கழிவைப் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டுத் தராதீர்கள். பழைய பேட்டரியை எந்தத் தொட்டியிலும் போடாதீர்கள், லாரி அழுத்தும்போது தீப்பிடிக்கும். வீட்டில் உரம் போட்டு நாறினால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள், ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலை சேருங்கள்.

கடைசியாக, நேரம். ஒப்பந்தப்புள்ளி முடிந்து, குழி வெட்டிய பிறகு வருகிற ஆட்சேபம் யாருக்கும் உதவாது. வரைவுத் திட்டத்துக்குக் கருத்துக் கேட்கும் நாட்களும், வரவு செலவுத் திட்டம் தயாராகும் மாதங்களும்தான் உங்கள் காலம். 1989-இல் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் எதற்கு முதலில் செலவிடுவது என்பதைப் பகுதிவாரியாக மக்களையே வரிசைப்படுத்தச் சொன்னது. உங்கள் ஊரில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லாவிட்டாலும் கேள்வி கேட்கலாம். காலநிலைத் திட்டம் என்று எதைக் காட்டினாலும் நான்கு கேள்விகள்: எந்த ஆண்டின் உமிழ்வோடு ஒப்பிடுகிறீர்கள், எந்தக் கணக்குத் தலைப்பில் பணம் இருக்கிறது, எந்தத் துறை பொறுப்பு, அடுத்த அறிக்கை எப்போது. எழுத்தில் கேளுங்கள், ஒரே பக்கத்தில், பெறப்பட்டதற்கான எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். மழை அளவும் வெள்ளக் கோட்டுக் குறிப்பும் கையிலிருந்தால் அதே பக்கத்தின் பின்புறம் இணையுங்கள்.

இப்போதே செய்யக்கூடியது ஒன்று. போன மழைக்கு முந்தைய மழையில் நட்டு உயிர்பிழைத்த கன்று ஏதாவது உங்கள் தெருவில் இருந்தால் போய்ப் பாருங்கள். முட்டுக்கம்பில் கட்டிய கயிறும் கூண்டின் வளையமும் தண்டை அறுக்கத் தொடங்கியிருக்கும். கயிற்றை வெட்டிவிடுங்கள், வளையத்தை அகற்ற உள்ளாட்சிக்குச் சொல்லுங்கள்.