ஏஐ கவர்னன்ஸ்: ஆளுமையா, ஆளுகையா?

செயற்கை நுண்ணறிவை யார், எதற்கு, எந்த வரம்புக்குள் பயன்படுத்தலாம், தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு? இவற்றை முடிவு செய்யும் ஏற்பாடு முழுவதுக்கும் ‘ஏஐ கவர்னன்ஸ்’ என்று பெயர். சட்டம் அதில் ஒரு பகுதிதான். சட்டத்தால் கட்டுப்படுத்தும் ‘ரெகுலேஷ’னுக்கு ‘ஒழுங்குமுறை’ என்ற சொல் நன்றாகவே நிலைத்துவிட்டது. சிக்கல் கவர்னன்ஸில்தான்.

இதன் வேர், கப்பலைச் சுக்கான் பிடித்துச் செலுத்துவதைக் குறிக்கும் ‘குபெர்னான்’ என்ற கிரேக்கச் சொல். லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அமெரிக்கக் கணித அறிஞர் நார்பர்ட் வீனர், உயிர்களிலும் எந்திரங்களிலும் கட்டுப்பாடு நடக்கும் விதத்தை ஆராயும் தம் துறைக்கு 1948இல் வெளியான நூலில் ‘சைபர்னெடிக்ஸ்’ என்று பெயர் சூட்டியதும் இதே வேரிலிருந்துதான். அந்தக் கப்பலோட்டிக்குப் பழந்தமிழில் மீகாமன் என்று பெயர்.

அரசு வழக்கில் ‘இ-கவர்னன்ஸு’க்கு ‘மின்னாளுமை’ என்ற சொல் ஊன்றிவிட்டது. அதே பாணியில் ‘செயற்கை நுண்ணறிவு ஆளுமை’ என்று எழுதினால், எந்திரத்தின் குணநலனைப் பேசுவதாகவே படும். ஆளுமை இன்று பெர்சனாலிட்டிக்கு உரிய சொல். எனவே ‘ஆளுகை’யே சரி.

அப்புறம், ‘செயற்கை நுண்ணறிவு ஆளுகை’ ஒரு வேற்றுமைத்தொகை. வேற்றுமை உருபு மறைந்திருக்கிறது. ‘ஐ’ விரித்தால் செயற்கை நுண்ணறிவை ஆளுதல். ‘ஆல்’ விரித்தால் அதனால் ஆளுதல். அரசுகள் இரண்டையுமே செய்கின்றன.

இரண்டாவது பொருள் எவ்வளவு கொடியதாகலாம் என்பதை நெதர்லாந்து காட்டியது. குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடியைக் கண்டுபிடிக்க அந்நாட்டு வரித்துறை ஒரு கணினிக் கணிப்பு மாதிரியை (மாடல்) வைத்திருந்தது. விண்ணப்பிப்பவர் டச்சுக் குடியுரிமை உள்ளவரா என்பதும் அதில் ஒரு அளவுகோல். பல்லாயிரம் பெற்றோர் மோசடிக்காரர்களாக நடத்தப்பட்டார்கள். வாங்கிய தொகை முழுவதையும் திருப்பிக் கட்டச் சொன்னதில் குடும்பங்கள் கடனில் மூழ்கின. 2021 ஜனவரியில் அமைச்சரவையே பதவி விலகியது. சட்டத்தின் கை தனியார் நிறுவனங்களோடு நின்றுவிடக் கூடாது, அரசு அலுவலகத்துக்குள்ளும் நீள வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. நடத்தையை வைத்து மக்களுக்கு மதிப்பெண் போட்டு, அதனால் அநியாயமாகப் பாதிக்கும் முறைக்கு 2025 பிப்ரவரி முதல் தடை. அரசு உதவிக்கு ஒருவர் தகுதியானவரா என்று மதிப்பிடும் கருவிகள் ‘உயர் ஆபத்து’ வகையில் வருகின்றன.

எழுதும்போது குழப்பம் வரும் இடங்களில் உருபை விரித்தே எழுதலாம்: கட்டுப்படுத்துவதென்றால் ‘செயற்கை நுண்ணறிவு மீதான ஆளுகை’, அரசு பயன்படுத்துவதென்றால் ‘செயற்கை நுண்ணறிவு வழி ஆளுகை’.