பில்லிங் கம்ப்யூட்டர் வரி கட்ட மட்டும்தானா?

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு சின்னக் கடைகளில்கூட கம்ப்யூட்டர் பில் வழக்கமாகிவிட்டது. கொள்முதல், விற்பனை, இருப்பு, பாக்கி எல்லாமே அதற்குள் போகிறது. ஆனால் எங்களைப் போன்ற வரி ஆலோசகர்களிடம் வரும் கடைக்காரர்களில் பெரும்பாலோர் அதிலிருந்து எடுப்பது ஜிஎஸ்டிஆர்-1, 3பி என்ற வரிக் கணக்குகளின் தாக்கலுக்கு வேண்டிய தொகைகளை மட்டும்தான். இவர்களில் சிலர் 'ஏஐ மூலம் வியாபாரத்தைப் பெருக்குவது எப்படி' என்ற வகுப்புக்குப் பணம் கட்டிப் போகிறார்கள். போகட்டும். அதற்கு முன்னால், ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கும் மென்பொருளைக் கொஞ்சம் திறந்து பார்க்கலாம்.

ஒரு ஹார்டுவேர் கடையை எடுத்துக்கொள்வோம். அங்கே முக்கால் அங்குல எல்போ (குழாய் வளைவு) ஒன்றுதான், கம்ப்யூட்டரில் அதற்கு நாலைந்து பெயர். பில் போட வரும் ஒவ்வொரு புது ஆளும் தனக்குத் தோன்றிய எழுத்தில் ஒன்று சேர்த்திருப்பார். ஒரு பெயரில் இருப்பு 300 என்று காட்டும், இன்னொன்றில் மைனஸ் 120. முதலாளிக்குக் கம்ப்யூட்டர் மேல் நம்பிக்கை போய்விடும். ரேக்கைக் கண்ணால் பார்த்து ஆர்டர் போடுவார். எந்தத் தொழில்நுட்பமும் இந்த இடத்தில்தான் தோற்கிறது. ஆகவே முதல் வேலை பெயர்ப் பட்டியலைச் சுத்தம் செய்வது. சலிப்பான வேலைதான். தினம் ஒரு ரேக் என்று எடுத்தால் முடிந்துவிடும். 2025 செப்டம்பர் 22 அன்று சிமெண்ட் வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனபோது, பட்டியலும், வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எச்எஸ்என் எண்ணும் ஒழுங்காக இருந்த கடைகளுக்கு அது சின்ன வேலை. மற்றவர்கள் ஒவ்வொரு பொருளாகத் தேடித் தேடி மாற்ற வேண்டியிருந்தது.

பெயர்கள் சரியானதும் 'ஸ்டாக் ஏஜிங்' என்ற அறிக்கையைப் பாருங்கள். எந்தச் சரக்கு எத்தனை நாளாகக் கடையிலேயே கிடக்கிறது என்று அது சொல்லும். ஒரு வருடத்துக்கு மேல் கிடப்பது 8 லட்ச ரூபாய்ச் சரக்கு என்றும், வங்கி ஓவர்டிராஃப்ட் வட்டி வருடத்துக்கு 12 சதவீதம் என்றும் வைத்துக்கொண்டால், அந்தச் சரக்குக்காக மாதம் 8,000 ரூபாய் வட்டி கட்டுகிறீர்கள். கம்பெனிக்காரர் ஆஃபர் கொடுத்தார் என்று வாங்கி அடுக்கியதுதான் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்கும்.

லாப சதவீதத்தை மட்டும் பார்ப்பவர்களும் இங்கே ஏமாறுகிறார்கள். 25 சதவீத லாபத்தில் வருடம் ஒருமுறை விற்கும் பொருளில் 100 ரூபாய் போட்டால் வருடத்துக்கு 25 ரூபாய். 4 சதவீதமே கிடைத்தாலும் மாதம் இரண்டு முறை சுழலும் பொருளில் அதே 100 ரூபாய் 96 ரூபாய் கொண்டுவரும். அதற்காக ஓடாத பொருளே வேண்டாம் என்பதில்லை. வாடிக்கையாளர் தேடி வருவதால் சிலவற்றை வைத்துத்தான் ஆகவேண்டும். ஆனால் எது எந்த வகை என்று தெரிந்து வையுங்கள்.

அப்புறம் பாக்கி. பணம் அதிகம் சிக்கிக் கிடப்பது இங்கேதான். கான்ட்ராக்டர் வந்து ஐம்பதாயிரம் கொடுத்துவிட்டுப் போவார். எந்தப் பில்லுக்கு என்று யாரும் கேட்பதில்லை. கணக்கில் 'ஆன் அக்கவுண்ட்' என்று ஏறிவிடும். ஆறு மாதம் கழித்து டாலி என்ற கணக்கு மென்பொருளில் வரவேண்டிய பாக்கிப் பட்டியலை எடுத்தால் பழைய பில் எல்லாம் அப்படியே நிற்கும், வந்த பணம் தனியாக நிற்கும். யாரிடம் எந்தப் பில் பழசு என்று சொல்லவே முடியாது. 'பில் பை பில்' வசதியை இயக்கிவிட்டு, பணம் வாங்கும்போதே பில் எண்ணோடு வரவு வையுங்கள். எங்களிடம் வரும் கடைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இதில் வரியும் கலந்திருக்கிறது. பணம் வந்தாலும் வராவிட்டாலும், பில் போட்டதற்கு ஜிஎஸ்டியை நீங்கள் கட்டியிருப்பீர்கள். வாங்கியவர் பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், அவர் எடுத்த உள்ளீட்டு வரி வரவை (கொள்முதலில் கொடுத்த வரிக்கான கழிவை) அவர் திருப்பிச் செலுத்த வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி. ஆகவே 150 நாள் தாண்டிய பில்களைத் தனியாக எடுத்து, ஜிஎஸ்டி எண் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு அந்தத் தேதியை நினைவூட்டி ஒரு கடிதம் அனுப்பலாம். கடைக்காரர் பத்து தடவை போன் செய்தும் அசையாதவர், அவருடைய ஆடிட்டர் ஒருமுறை சொன்னால் அசைவார்.

பில்லில் வாங்கி வைத்திருக்கும் செல்போன் எண்கள் வேறு விஷயம். அவற்றுக்கு மொத்தமாக விளம்பரம் அனுப்பலாமா என்று பலர் கேட்கிறார்கள். பில்லுக்கென்று வாங்கிய எண்ணை விளம்பரத்துக்குப் பயன்படுத்த அவரவர் சம்மதம் வேண்டும் என்பதுதான் 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் போக்கு. பில் போடும்போதே கேட்டு, சரி என்றவர்களை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் தினமும் காலை வணக்கப் படம் வேண்டாம். போன வருடம் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் வாங்கியவருக்கு மழைக்காலத்துக்கு முன்னால் வாட்டர்புரூஃபிங் பற்றி ஒரு செய்தி போதும்.