வாங்குமுன் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள்

வயதான ஒருவர் விழுந்த பிறகுதான் அந்த நாற்காலி என் பட்டறைக்கு வந்தது. கைப்பிடி வைத்த பழைய மர நாற்காலி, பாலிஷ் பளபளவென்று இருந்தது. வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவர் பின்னால் சாய்ந்தபோது பின்கால் பிளந்து, ஆள் சரிந்துவிட்டார். நல்லவேளையாக எலும்பு எதுவும் முறியவில்லை.

கவிழ்த்துப் பார்த்தேன். பின்காலும் இருக்கைச் சட்டமும் சேரும் இடத்தில் இரண்டு ஆணிகள். தளர்ந்திருந்த மூட்டைப் பிரித்து ஒட்டாமல், வெளியிலிருந்து ஆணி அடித்து இறுக்கி, மேலே புட்டி பூசி நிறம் கொடுத்திருந்தார்கள். ஆணி இறங்கிய வழியே மரம் விரிசல் விட்டிருந்தது. விற்றவர் கவிழ்த்துக் காட்டவில்லை. வாங்கியவர்களும் கேட்கவில்லை.

பழைய அலமாரியில் ஒரு மூட்டு தளர்ந்தால் கதவு கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான். நாற்காலி அப்படியல்ல. அது ஒரு மனிதரின் எடையைத் தாங்குகிறது. அவர் சாயும் ஒவ்வொரு முறையும் பின்கால் நெம்புகோலாக மாறி, இருக்கைச் சட்டத்தோடு சேரும் அந்த ஒரு மூட்டைத்தான் பிடுங்கப் பார்க்கிறது. அதனால் என் கண் முதலில் போவது அங்கேதான். சமதரையில் வைத்து, முதுகுச் சட்டத்தை ஒரு கையால் பிடித்து, இருக்கையில் முழங்காலை ஊன்றி முன்னும் பின்னும் அசையுங்கள். பிரம்பு இருக்கை என்றால் முழங்கால் வேண்டாம், பின்னல் அறுந்துவிடும். சட்டத்தைக் கையால் அழுத்திப் பிடித்தாலே போதும். பிறகு கவிழ்த்து, மூட்டுகளைச் சுற்றி ஆணித்தலை, இரும்புத் தகடு, புட்டி, வழிந்து உறைந்த பசை ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள்.

அசைகிறது என்பதற்காக ஒரு நாற்காலியை ஒதுக்க வேண்டியதில்லை. அந்தக் காலத் தச்சர்கள் மூட்டுகளை வஜ்ஜிரம் காய்ச்சி ஒட்டினார்கள். விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் அந்தப் பசை, சூடும் ஈரமும் பட்டால் இளகும். துளைக்குள் செருகிய மர நுனியான கழுந்தைச் சேதமில்லாமல் வெளியே எடுத்து, மீண்டும் ஒட்டிவிடலாம். இன்னொரு தலைமுறைக்கு உழைக்கும். அதே மூட்டில் யாராவது எபாக்ஸி என்ற ரசாயனப் பசையை ஊற்றியிருந்தால் பிரிக்கவே முடியாது. பிரிக்கப்போனால் மரம்தான் உடையும். நான் பயப்படுவது தளர்ச்சியைக் கண்டு அல்ல, அதை மறைத்த கையைக் கண்டுதான்.

வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நூறு வயது தாண்டியதைத்தான் பொதுவாக ஆன்டிக் என்கிறார்கள். அமெரிக்கச் சுங்க விதிகளிலும் அதுவே கணக்கு. வின்டேஜ் என்ற சொல்லுக்கு அப்படி உறுதியான எல்லை கிடையாது. மரம் காலப்போக்கில் இழைக்குக் குறுக்காகச் சுருங்கும், நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது. அதனால் கடைந்தெடுத்த பழைய உருண்டைக் காலை, தடிமன் அளக்கும் காலிப்பரால் இரண்டு திசையில் அளந்தால், பெரும்பாலும் மயிரிழை அளவு நீள்வட்டமாக இருக்கும். தேய்மானமும் பேசும். குதிகால் பட்ட முன் குறுக்குக் கட்டை, உள்ளங்கை தடவிய கைப்பிடி நுனி ஆகியவை தேய்ந்திருக்க வேண்டும். எல்லா இடமும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் அது உப்புத்தாளின் வேலை. 'இருநூறு வருடப் பழசு' என்று காட்டப்பட்ட ஒரு நாற்காலியின் அடியில், கூட்டல் குறி வெட்டிய திருகாணிகளைப் பார்த்திருக்கிறேன். அந்தத் திருகாணி புழக்கத்துக்கு வந்ததே 1930களில்தான். பின்னாளில் யாரோ மாற்றிப் போட்டதாகவும் இருக்கலாம். ஆனால் பழைய துளையின் சுவடே இல்லையென்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

வடிவத்தை மட்டும் நம்பவும் முடியாது. மரச்சாமான் தயாரிப்பாளர் மைக்கேல் தோனெட் 1859இல் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலியை எல்லோரும் எங்காவது பார்த்திருப்போம். நீராவியில் வளைத்த பீச் மரத்தில் ஆறு துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு நட்டுகள். 1869இல் அதன் காப்புரிமை முடிந்ததும் பல நிறுவனங்கள் அதே வடிவத்தைச் செய்யத் தொடங்கின. இருக்கை வளையத்தின் உள்பக்கம் முத்திரையோ காகிதச் சீட்டோ இருக்கிறதா என்று பார்க்காமல், பெயருக்காகப் பணம் கொடுக்காதீர்கள்.

உடலுக்குப் பொருந்துகிறதா என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சாப்பாட்டு மேசைக்கு என்றால் இருக்கை தரையிலிருந்து 43 முதல் 46 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் வசதி. மேசைப் பலகைக்கும் இருக்கைக்கும் நடுவே 25 முதல் 30 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். பழைய நாற்காலிகளில் உளுத்துப்போன கால் நுனியை அறுத்து எடுத்திருப்பார்கள், உயரம் குறைந்திருக்கும். முட்டிவலி உள்ளவர் வீட்டில் இருந்தால், அழகான தாழ்ந்த சாய்வு நாற்காலியைத் தயவுசெய்து அவருக்கென்று வாங்காதீர்கள். கடையிலேயே பத்து நிமிடம் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழ முடிகிறதா என்று பாருங்கள்.

மரத்தில் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் அளவில் வட்டத் துளைகள் தெரிந்தால், அது வண்டு வெளியேறிய வழி. துளை பழையதாக இருக்கலாம். கறுப்புத் தாளை விரித்து மேலே தட்டிப் பாருங்கள். வெளிறிய புதுத் தூள் உதிர்ந்தால் உள்ளே இன்னும் புழு இருக்கக்கூடும். அது வருடக்கணக்கில் மரத்துக்குள்ளேயே தின்றுகொண்டிருக்கும். அப்படிப்பட்டதைச் சரிசெய்யாமல் மற்ற மரச்சாமான்களின் அருகில் கொண்டுபோகாதீர்கள். மெத்தை தைத்த இருக்கை என்றால் தையல் மடிப்புகளில் மூட்டைப்பூச்சியின் கறுப்புப் புள்ளிகளைத் தேடுங்கள். 1950களுக்குப் பிந்தையதில் உள்ளே நுரை இருந்தால் அநேகமாகப் பொடிந்திருக்கும். அதை மாற்றும் செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

பெயின்ட் அடித்த பழைய குழந்தை நாற்காலிகளைப் பற்றி எனக்கு உண்மையாகவே கவலை உண்டு. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். வீட்டு உபயோகப் பெயின்டில் அதை அமெரிக்கா தடை செய்ததே 1978இல்தான். குழந்தை கைப்பிடியைக் கடிக்கும். பெரியவர்கள் புதுப்பிக்கிறேன் என்று உப்புத்தாள் போட்டால் அந்தத் தூள் வீடெங்கும் பரவும். சோதிக்காமல் தேய்க்கவே வேண்டாம்.

அந்த நாற்காலிக்கு மூன்று வாரம் பிடித்தது. ஆணிகளை எடுத்து, பிளந்த பகுதியை வெட்டி, அதே இழையோட்டத்தில் புது மரம் இணைத்து, வஜ்ஜிரத்தால் ஒட்டினேன். ஒட்டுப் போட்ட இடத்துக்குச் சாயம் பூசவில்லை. அடியில் வெளிறித் தெரியும். சட்டத்தின் உள்பக்கம் தேதியையும் செய்த வேலையையும் பென்சிலால் எழுதிவிட்டு, கொடுக்கும்போது கவிழ்த்துக் காட்டினேன். பெரியவர் குனிந்து அந்த ஒட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகுதான் உட்கார்ந்தார்.