இணங்கிசை என்க, பின்னணி இசை என்னாதீர்

ஹட்டனிலும் பண்டாரவளையிலும் வீடியோ கேம் செய்யப் பழகும் பிள்ளைகள் கையில் இருக்கும் தமிழ்க் குறிப்புகளில், ஆட்டத்தின் போக்குக்கேற்ப உடனுக்குடன் மாறும் ‘அடாப்டிவ் மியூசிக்’ என்றாலே ‘பின்னணி இசை’தான். அது சினிமாச் சொல். படம் வெட்டி முடிந்தபின், காட்சியின் நீளம் தெரிந்து போடுவது பின்னணி இசை. கேமில் ஆடுபவர் எப்போது எந்தப் பக்கம் திரும்புவார் என்று யாருக்கும் தெரியாது. 1978இல் வந்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ கேமிலேயே, எதிரிகள் குறையக் குறைய நான்கு சுரங்கள் வேகமெடுத்தன.

‘அடாப்ட்’ லத்தீன் வழி வந்தது. பொருத்துதல் என்று பொருள். இதை வைத்துத் தமிழகத்தார் சிலர் ‘தகவமைப்பு இசை’ என்கிறார்கள். தகவமைப்பு ஒட்டகத்தின் திமிலுக்குச் சரி. தலைமுறை தலைமுறையாக நடப்பது. நம் விஞ்ஞானப் பாடநூலின் ‘இசைவாக்க’மும் அதே கதைதான், போதாக்குறைக்கு ‘இசைவாக்க இசை’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு சுளுக்கும். இங்கே மாற்றம் விநாடிக் கணக்கில் நடக்கிறது.

தேயிலை மலையில் சிறுத்தை துரத்தும் கேம் ஒன்றை எடுங்கள். மூன்று அடுக்கு இசை: தம்புரா, தப்பு, உறுமி. சிறுத்தை 30 மீற்றருக்குள் வந்தால் தப்பு சேரும், 10 மீற்றருக்குள் உறுமி சேரும். மூன்றும் நிமிடத்துக்கு 120 அடி, நாலடித் தாளத்தில் 16 ஆவர்த்தம், சரியாக 32 விநாடி, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து சுற்றும். ஒன்று அரை அடி நீண்டாலும் இரண்டாம் சுற்றிலேயே தாளம் பிசகும். எம்பி3 வேண்டாம், கோப்பின் தலையிலும் வாலிலும் மௌனம் ஒட்டிக்கொண்டு, சுற்று கூடும் இடத்தில் விக்கும். வேவ் அல்லது ஓக் வடிவக் கோப்பு எடுங்கள். புது அடுக்கு அடுத்த ஆவர்த்தத் தொடக்கத்தில்தான் நுழையும் என்றால் 120இல் அதிகபட்சம் 2 விநாடி காத்திருக்க வேண்டும். 60இல் 4 விநாடி. அதற்குள் சிறுத்தை கழுத்தில்.

மலையகத்துக் காமன் கூத்தில் ஆடுபவர் காலைப் பார்த்துத் தப்படிப்பவர் அடியை மாற்றுகிறாரே, அந்த வேலைதான் இது. ஆடுபவருக்கு இணங்குகிற இசை, அதனால் ‘இணங்கிசை’. இணங்கு, இசை என்று பிரித்தால் வினைத்தொகை, விளக்கவுரை தேவையில்லை.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைத் திறக்குமுன் கேமில் ஒலி கோக்கும் மென்பொருள்களான எஃப்மாடையோ வைஸையோ ஒருமுறை திறந்து பார்த்தால் பாதிச் சிக்கல் தீரும். சிறுத்தை பாயும் கணத்தில் ஆவர்த்தத்துக்குக் காத்திராமல் வெடிக்கும் சிறு ஒலி ‘ஸ்டிங்கர்’. அதைக் ‘கொடுக்கு’ என்று பெயர்ப்பதைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா? ‘கொட்டு’ என்று எழுதுங்கள். தேளும் கொட்டும், மேளமும் கொட்டும்.