"ஒரு நிமிஷம்தான் டாக்டர்"

அவசர சிகிச்சைப் பிரிவில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். காயத்தோடு வருகிறவர்களிடம் "எப்படி ஆச்சு?" என்று கேட்டால், பதில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும். "ஒரு நிமிஷம்தான் டாக்டர், அந்தப் பக்கம் திரும்பினேன்." இல்லையென்றால், "தெருமுனை வரைக்கும்தானேன்னு கிளம்பினேன்." சொல்கிறவர்கள் யாரும் பொறுப்பில்லாதவர்கள் இல்லை. குழந்தையை உயிராக நினைக்கும் அம்மாக்கள், வருடக்கணக்காக வண்டி ஓட்டுகிறவர்கள்.

ஒரு நாள் ஒன்றரை வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். முகவாய், கழுத்து, மார்பு, வலது தோள் என்று மேலிருந்து கீழே வழிந்த மாதிரி தோல் சிவந்து உரிந்திருந்தது. இப்படி இருந்தால் கேட்கவே வேண்டாம், அண்ணாந்து பார்த்துக்கொண்டே எதையோ இழுத்து மேலே கொட்டிக்கொண்டிருக்கிறது. கெட்டிலின் வயர் சமையல் மேடையிலிருந்து வளையமாகத் தொங்கியிருக்கிறது. குழந்தைக்கு அது பிடித்து இழுக்க ஒரு கயிறு, அவ்வளவுதான். 60 டிகிரி வெந்நீரே ஏறத்தாழ 5 நொடியில் பெரியவர்களின் தோலை ஆழமாக வேகவைத்துவிடும். குழந்தையின் தோல் அதைவிட மெல்லியது. கெட்டிலில் இருந்ததோ அப்போதுதான் கொதித்து இறங்கிய தண்ணீர்.

"இனிமே கண்ணை எடுக்கவே மாட்டேன் டாக்டர்" என்று அந்த அம்மா அழுதார். "அது யாராலயும் முடியாதும்மா. வயரைச் சுருட்டி உள்ளே தள்ளி வைங்க. அப்புறம் ஒருதரம் குழந்தை உயரத்துக்கு முட்டி போட்டு வீட்டைச் சுத்திப் பாருங்க" என்றேன்.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். "பார்த்துப் போ", "ஜாக்கிரதை" என்று தினமும் சொல்கிறோம். அதில் அன்பு இருக்கிறது, பாதுகாப்பு இல்லை. கவனம் என்பது தவறக்கூடிய பொருள். தூக்கம், போன், காலிங்பெல், எது வந்தாலும் தவறும். அது தவறுகிற நிமிஷத்திலும் காயம் படாதபடி முன்கூட்டியே என்ன செய்துவைத்தோம் என்பதுதான் கேள்வி.

அந்தக் குழந்தையின் மார்பில் பற்பசை தடவியிருந்தார்கள். அதைத் துடைத்தெடுக்கும்போது அது கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. சூடு பட்டால் பற்பசை வேண்டாம், மை வேண்டாம், ஐஸ் கட்டியும் வேண்டாம். குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு, சூடு பட்ட இடத்தை அதில் 20 நிமிடம் காட்டுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம், ஏனென்றால் பதற்றத்தில் இரண்டு நிமிடமே யுகமாகத் தெரியும். பட்டவுடனே காட்ட முடியாமல் போனாலும், 3 மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு.

வீட்டில் நான் அதிகம் பயப்படும் இன்னொன்று பட்டன் பேட்டரி, சில ரிமோட்களில் இருக்கும் காசு மாதிரியான சின்ன பேட்டரி. குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால், எச்சிலின் ஈரத்தில் மின்சாரம் ஓடி, காரம் உண்டாகி, 2 மணி நேரத்தில் சதையை அரித்துவிடும். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே போதும், உடனே எக்ஸ்ரே எடுக்க வந்துவிடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அமிலம், மண்ணெண்ணெய் போன்றவற்றைக் குடித்துவிட்டாலும் அப்படித்தான், வாந்தி எடுக்கும்போது இரண்டாவது முறை கெடுதல் நடக்கும். அந்த மாதிரி திரவங்களைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிவைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டாலே பாதிப் பேர் எங்களிடம் வரமாட்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

வயதானவர்கள் பெரும்பாலும் ராத்திரியில் விழுகிறார்கள், பாத்ரூமுக்குப் போகும் வழியில். ரத்த அழுத்த மாத்திரையோ தூக்க மாத்திரையோ சாப்பிடுகிறவர் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழட்டும். வழியில் சின்ன விளக்கு, கழிப்பறைச் சுவரில் பிடிமானக் கம்பி, வழுக்காத மிதியடி. ஒரு இடுப்பெலும்பு முறிவோடு ஒப்பிட்டால் இதெல்லாம் ஒரு செலவே இல்லை.

சாலைக்கு வருகிறேன். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதுவதும், சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுவதும் ஒன்றுதான். அதாவது மூன்று மாடி. மாடி விளிம்பில் நின்றால் கால் கூசுகிறது, வண்டியில் அந்த வேகத்தில் போகும்போது ஒன்றும் தெரிவதில்லை. காரில் குழந்தையை மடியில் வைத்துக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன் என்பவர்களிடமும் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். அந்த வேகத்தில் எந்தக் கையும் பிடித்து நிறுத்தாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் 2 நொடி போனைப் பார்த்தால் 33 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதாக அர்த்தம்.

தலையில் அடிபட்டு வருகிறவரின் பின்னாலேயே சில சமயம் அவருடைய ஹெல்மெட்டையும் உறவினர்கள் எடுத்துவருவார்கள். அதில் ஒரு கீறல்கூட இருக்காது. வண்டியில் மாட்டியே கிடந்திருக்கும், அல்லது வாரைப் போடாததால் முதல் மோதலிலேயே கழன்று விழுந்திருக்கும். 1935இல் டி. இ. லாரன்ஸ் என்ற பிரபல ஆங்கிலேய ராணுவ அதிகாரி, சைக்கிளில் போன இரண்டு பையன்கள் மேல் மோதாமலிருக்கத் திருப்பியபோது மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தார். ஹெல்மெட் இல்லை. நினைவு திரும்பாமலே 6 நாளில் இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஒருவரான மூளை அறுவை நிபுணர் ஹ்யூ கெய்ர்ன்ஸ் அதை அப்படியே விட்டுவிடவில்லை. ராணுவத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் கட்டுரை வெளியிட்டார். பிற்கால ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், ஹெல்மெட் தலைக்காயத்தைச் சுமார் 69 சதவீதமும் மரணத்தைச் சுமார் 42 சதவீதமும் குறைக்கிறது. தலையில் இருந்தால்தான், அதுவும் வார் போட்டிருந்தால்தான்.

இன்னொன்று. "அடிபட்டதும் எழுந்து நல்லாத்தானே பேசினான்" என்று சொல்லி வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுகிறார்கள். மண்டையோட்டுக்கும் மூளையின் உறைக்கும் நடுவே ரத்தம் கசிந்து சேரச் சில மணி நேரம் ஆகலாம். அதுவரை ஆள் தெளிவாகவே இருப்பார். அடுத்த 24 மணி நேரம் தனியாக விடாதீர்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், குழறும் பேச்சு, வலிப்பு இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்காதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் சின்ன அடியானாலும் காட்டிவிடுங்கள்.

அந்தக் குழந்தை மூன்றாவது வாரம் கட்டுப் பிரிக்க வந்தது. மார்பில் புதுத்தோல் இளஞ்சிவப்பாகப் படர்ந்திருந்தது. "வயரைத் தூக்கிக் கட்டிட்டேன் டாக்டர்" என்றார் அந்த அம்மா. "நீங்க சொன்ன மாதிரி முட்டி போட்டும் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில ஒரு பழைய ரிமோட் கிடந்துச்சு, பின்பக்க மூடி இல்லாம."

பேட்டரி உள்ளே இருந்ததா என்று கேட்டேன். இருந்ததாம்.