ஜிம்ப்பை அழித்து அழித்துப் போடாதீர்கள்

"சார், ஜிம்ப் கெட்டுப்போச்சு. அன்இன்ஸ்டால் பண்ணித் திரும்பப் போட்டேன், அப்பவும் அப்படியேதான் இருக்கு."

படங்களைத் திருத்தும் இலவச மென்பொருளான ஜிம்ப்பைப் பற்றி இதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. போன வாரம் வந்தவர் ஒரு படி மேலே போயிருந்தார். சின்ன ஸ்டுடியோ நடத்துபவர். ஜிம்ப்பை மாற்றிப் போட்டும் சரியாகவில்லை என்று கணினியை இயக்கும் லினக்ஸ் மின்ட் சிஸ்டத்தையே ஃபார்மேட் செய்து புதிதாகப் போட்டுவிட்டார். ஜிம்ப் சரியாகிவிட்டது. கூடவே ஒரு கல்யாண ஆல்பத்தின் எக்ஸ்சிஎஃப் கோப்புகள் (படத்தின் அடுக்குகளை, அதாவது லேயர்களை, தனித்தனியாக வைத்திருக்கும் ஜிம்ப்பின் சொந்தக் கோப்புகள்) மொத்தமும் போய்விட்டன. பேக்கப் கிடையாது. இத்தனைக்கும் அவர் சொன்ன கோளாறு, பக்கவாட்டில் இருக்கும் டூல் பெட்டியும் லேயர் பட்டியலும் காணோம் என்பதுதான். படத்தின் மேல் ஒரு கிளிக், பிறகு டேப் விசையில் ஒரு தட்டு. அவ்வளவுதான் வைத்தியம். (ஜிம்ப்பின் மேலே உள்ள 'விண்டோஸ்' மெனுவில் 'ஹைட் டாக்ஸ்' என்று இருப்பதும் இதுவே.) கை தவறி டேப் பட்டிருக்கும்.

ஏன் மறுபடி போட்டும் போகவில்லை? பலருக்கும் புரியாத இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மென்பொருள் வேறு, அதன் அமைப்புகள் வேறு. நீங்கள் அழிப்பது மென்பொருளை. எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, எது மறைந்திருக்கிறது என்பதெல்லாம் உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டருக்குள் எழுதிவைக்கப்படுகிறது. மென்பொருளைப் போடவும் எடுக்கவும் செய்யும் பேக்கேஜ் மேனேஜர் அதைத் தொடாது, தொடவும் கூடாது. வீட்டுக்காரர் சுவரை இடித்துக் கட்டினாலும் குடியிருப்பவரின் பீரோவைத் திறக்கமாட்டார் இல்லையா? அமைப்புகளோடு சேர்த்து நீக்கும் 'பர்ஜ்' கட்டளையைக் கொடுத்தால் எல்லாம் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. போகாது. அது சிஸ்டம் அளவிலான அமைப்புக் கோப்புகளோடு நின்றுவிடும். ஹோமை வட்டின் தனிப் பகுதியில் (பார்ட்டிஷன்) வைத்திருப்பவர்கள் சிஸ்டத்தையே மாற்றிப் போட்டாலும், பழைய கோளாறு வாசலில் காத்திருக்கும். ஃபார்மேட் செய்தவருக்குச் 'சரியானது' ஹோமும் சேர்ந்து அழிந்ததால்தான். இதைப் பார்த்துத்தான் "ஃபார்மேட் பண்ணா சரியாயிடும்" என்று ஊரெல்லாம் சொல்லித்திரிகிறார்கள்!

உண்மையிலேயே அமைப்புகள் குழம்பிவிட்டால் செய்யவேண்டியது இது. ஜிம்ப்பை மூடுங்கள். கோப்பு மேலாளரில் ஹோமைத் திறந்து கண்ட்ரோல், எச் அழுத்தினால் மறைந்திருப்பவை தெரியும். புள்ளியில் தொடங்கும் 'கான்ஃபிக்' ஃபோல்டர், அதற்குள் 'ஜிம்ப்', அதற்குள் 2.10, 3.0 என்று உங்கள் ஜிம்ப்பின் பதிப்பு எண்ணில் ஒரு ஃபோல்டர். அதன் பெயரை மாற்றுங்கள். அழிக்காதீர்கள், தயவுசெய்து. நீங்கள் சேர்த்த பிரஷ், எழுத்துரு, ப்ளக்இன் (கூடுதல் வசதி தரும் துணைநிரல்) எல்லாம் அதற்குள்தான் இருக்கும். ஜிம்ப் திடீரென்று செயலிழந்து மூடிக்கொண்டால் காப்பாற்றிவைக்கும் படங்களும் அங்கேதான். ஜிம்ப்பைத் திறந்தால் புது ஃபோல்டரைத் தானே உருவாக்கிக்கொள்ளும். பிறகு வேண்டியதை மட்டும் பழையதிலிருந்து எடுத்து வையுங்கள். 2.10, 3.0 இரண்டுக்கும் ஃபோல்டர் இருந்தால் இரண்டையும் பெயர் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் 3.0 பழையதிலிருந்து அமைப்புகளை மறுபடி எடுத்துக்கொள்ளும்.

"பிரஷ் வரையவே மாட்டேங்குது" என்பது வேறு ரகம். புதிதாக ஒரு வெற்றுப் படம் திறந்து வரைந்து பாருங்கள். வரைந்தால் கோளாறு அந்தக் கோப்பில். பெரும்பாலும் எங்கோ ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு ஒரு செலக்ஷன் (தேர்ந்தெடுத்த பகுதி) கிடக்கும், பிரஷ் அதற்குள் மட்டும்தான் வரையும். கண்ட்ரோல், ஷிஃப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது நீங்கிவிடும். எக்ஸ்சிஎஃப்பில் செலக்ஷனும் சேர்ந்தே சேமிக்கப்படும், அதனால் நாளைக்குத் திறந்தாலும் அது அங்கேயே இருக்கும். அடுத்து, எந்த லேயரில் நிற்கிறீர்கள், அதன் கண் குறி அணைந்து லேயர் மறைந்திருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

சேவ், எக்ஸ்போர்ட் இரண்டும் 2012-இல் வந்த 2.8 பதிப்பிலிருந்தே வேறு வேறு. இன்னமும் "ஜேபெக்கா சேவ் ஆகல" என்று சண்டைக்கு வருகிறார்கள். லேயர்களோடு எக்ஸ்சிஎஃப்பாக வைக்கும் சேவ் உங்களுக்கு, ஜேபெக்காக எடுக்கும் எக்ஸ்போர்ட் வாடிக்கையாளருக்கு. ஜேபெக்கை மட்டும் எடுத்துக்கொண்டு மூடிவிட்டு, மறுநாள் "பெயரில் ஒரு எழுத்தை மாத்தணும், லேயரைக் காணோம்" என்று வந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

3.0-க்கு மாறியவர்கள் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிய பழைய ப்ளக்இன்களை அப்படியே கொண்டுவந்து போட்டுவிட்டு மெனுவில் தேட வேண்டாம். அவை பைத்தான் 2-க்கு எழுதப்பட்டவை, 3.0-இல் ஓடாது. 3.0-க்கென எழுதியதை வாங்கி, ப்ளக்இன் பெயரிலேயே ஒரு துணை ஃபோல்டரில் வையுங்கள். கோப்பின் பண்புகளில் 'நிரலாக இயக்க அனுமதி'யையும் தட்டிவிடுங்கள்.

இதற்கு மேலும் சரிவராமல் யாரிடமாவது கேட்கப்போனால், ஹெல்ப் மெனுவில் அபவுட் திறந்து பதிப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். உங்கள் லினக்ஸின் (டிஸ்ட்ரோ) சொந்தத் தொகுப்பிலிருந்து போட்டதா, அல்லது தனியாக வரும் ஃப்ளாட்பேக், ஸ்னாப் வகைத் தொகுப்பா என்பதையும் சொல்லுங்கள். பென்டிரைவில் இருக்கும் படம் திறக்கவில்லை என்று வருபவரிடம் நான் முதலில் கேட்பதே அதைத்தான். ஸ்னாப்புக்குத் தனியாக அனுமதி கொடுக்க வேண்டியிருக்கும். கட்டளை தட்டும் டெர்மினலில் இருந்து ஜிம்ப்பைத் திறந்து, அங்கே விழும் பிழைச் செய்தியை அப்படியே நகலெடுத்து அனுப்புங்கள். மானிட்டரை மொபைலில் கோணலாகப் படம் பிடித்து "ஒர்க் ஆகல" என்று மட்டும் அனுப்பினால் யாருக்கும் ஒன்றும் புரியாது.